ஆலயத் தளத்துக்குக் கீழே: தேவாலயத்துக்குள் அடக்கம் செய்யும் வழக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் கொழும்பு வுல்பெண்டால் ஆலயத்துக்கோ, காலி நகரக் கோட்டைக்குள் இருக்கும் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆலயத்துக்கோ போகிறவர்கள் வாசலைத் தாண்டியதும் தயங்கி நிற்பார்கள். தளமெங்கும் எழுத்தும் குலச்சின்னமும் செதுக்கிய பெரிய கற்கள். மிதிக்கலாமா, கீழே உண்மையிலேயே ஆள் இருக்கிறாரா, ஆலயத்துக்குள் ஏன் புதைத்தார்கள் என்ற கேள்விகள் அங்கேதான் பிறக்கின்றன. இந்த வழக்கத்தை ஆசியாவுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒல்லாந்தர் முக்கியமானவர்கள். அதனால் இங்குள்ள பதில்கள் பெரும்பாலும் நெதர்லாந்தின் நடைமுறையைச் சுற்றியே அமைந்துள்ளன. தேவைப்படும் இடங்களில் மற்ற நாடுகளும் வரும்.

இறந்தவர்களை ஆலயத்துக்குள் புதைக்கலாம் என்ற எண்ணம் எப்படி வந்தது?

பழைய ரோமச் சட்டம் இதற்கு நேர்மாறானது. பன்னிரண்டு பட்டயங்கள் எனப்படும் தொகுப்பு, நகருக்குள் எந்த உடலையும் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்றது. ஆகவே விசுவாசத்துக்காக உயிர்நீத்த மறைசாட்சிகளின் கல்லறைகள் ஊருக்கு வெளியே, சாலையோரங்களில்தான் இருந்தன. கிறிஸ்தவம் வெளிப்படையாக வாழத் தொடங்கியதும் அந்தக் கல்லறைகளின்மேல் ஆலயங்கள் எழுந்தன. கல்லறைகள் ஆலயத்தைத் தேடி வரவில்லை, ஆலயம்தான் கல்லறையைத் தேடிப் போனது. அதன்பின், 'புனிதருக்குப் பக்கத்தில் நானும் கிடந்தால் உயிர்த்தெழும் நாளில் அவர் கை கொடுப்பார்' என்ற நம்பிக்கை பரவியது.

இதைப் பற்றி நோலா நகர ஆயர் பவுலினுஸ் கேட்ட கேள்விக்கு இறையியலாளர் அகுஸ்தீன் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாகவே பதில் எழுதினார். அவர் சொன்னது இதுதான்: இடத்தால் இறந்தவருக்கு ஒரு நன்மையும் இல்லை. அந்த இடத்தைப் பார்க்கும் உயிருள்ளவர் நினைவுகூர்ந்து மன்றாடினால், அந்த மன்றாட்டால்தான் நன்மை. தெளிவான பதில்தான். ஆனால் மக்களின் ஆசையை அது நிறுத்தவில்லை.

திருச்சபை இதை அனுமதித்ததா, தடுத்ததா?

திரும்பத் திரும்பத் தடுத்தது, ஒவ்வொரு முறையும் கதவைக் கொஞ்சம் திறந்தும் வைத்தது. 561-இல் போர்ச்சுகலின் பிராகா நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் ஆலயத்துக்குள் புதைக்கக் கூடாது, வெளிச்சுவரை ஒட்டிப் புதைக்கலாம் என்றது. 813-இல் ஜெர்மனியின் மைன்ஸ் சங்கம் அதே தடையைச் சொல்லிவிட்டு ஆயர்கள், மடத்துத் தலைவர்கள், தகுதியுள்ள குருக்கள், விசுவாசமுள்ள பொதுநிலையினர் (குருக்கள் அல்லாத மக்கள்) ஆகியோருக்கு விலக்கு அளித்தது. அந்தக் கடைசிச் சொல்லில்தான் எல்லாம் அடங்கிவிட்டது. ஆலயத்துக்கு நிலமோ பணமோ கொடுத்தவரை விசுவாசமில்லாதவர் என்று யார் சொல்வார்கள்?

சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபைகள் இறந்தோருக்கான மன்றாட்டையே ஏற்காதவை. பிறகு ஏன் ஒல்லாந்தர் இதைத் தொடர்ந்தார்கள்?

பணத்துக்காகவும் குடும்பப் பெருமைக்காகவும். புனிதருக்குப் பக்கத்தில் கிடப்பதன் பயனை அவர்கள் இறையியல் ஒதுக்கிவிட்டது. ஆனால் கல்லறை விற்பனை, கல்லறை திறக்கும் கட்டணம், மணியடிக்கும் கட்டணம், சவப்பெட்டியை மூடும் துணிக்கான வாடகை ஆகியவற்றில்தான் கூரையும் சுவரும் பழுதுபார்க்கப்பட்டன. முன்பு பீடம் இருந்த கிழக்குப் பகுதியில் இடத்தின் விலை அதிகம், நடுக்கூடத்தில் குறைவு, வடக்கு ஓரத்தில் இன்னும் குறைவு. பீடத்தை அகற்றிய பிறகும் பீடத்துப் பக்கத்து விலை குறையவில்லை.

கல்லறை யாருடைய சொத்து?

இந்த வழக்கத்தைப் புரிந்துகொள்ள இதுவே மிக முக்கியமான கேள்வி. இன்று நாம் கல்லறைக் கல்லை நினைவுச் சின்னமாகப் பார்க்கிறோம். அன்று அது முதலில் ஒரு மூடி, அதோடு ஒரு சொத்தின் எல்லைக்கல். வீட்டைப்போல் வாங்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஒவ்வொரு கல்லுக்கும் எண் உண்டு, ஆலயப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு உரிமையாளர் பெயர் உண்டு. வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஆலயத்துக்குச் சொந்தமான வாடகைக் கல்லறைகள் இருந்தன. அவற்றின்மேல் பெயர் கிடையாது.

ஓவியர் ரெம்பிராண்ட் குடும்பத்தைப் பாருங்கள். மனைவி சஸ்கியா 1642 ஜூனில் இறந்தபோது அவர் செல்வாக்கின் உச்சியில் இருந்தார், ஆம்ஸ்டர்டாம் பழைய ஆலயத்தில் அவளுக்குச் சொந்தக் கல்லறை கிடைத்தது. கடனில் மூழ்கிய பிறகு, 1662-இல் அந்தக் கல்லறையை விற்றுவிட்டார். அடுத்த ஆண்டு இறந்த துணைவி ஹென்ரிக்கேவும், 1668-இல் இறந்த மகன் டீட்டுஸும், 1669 அக்டோபரில் ரெம்பிராண்டும் வெஸ்டர்கெர்க் ஆலயத்தின் தளத்துக்குக் கீழே போனார்கள். ரெம்பிராண்டுக்குக் கிடைத்தது வாடகைக் கல்லறை, அது எந்தக் கல்லுக்குக் கீழே என்று இன்று யாராலும் காட்ட முடியாது.

ஒரு கல்லறையை எப்படித் திறந்து மூடினார்கள்?

முதலில் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை பதிவேட்டைப் பார்த்து எண்ணை உறுதிசெய்வார். தவறான கல்லைத் தூக்கினால் அது வேறு குடும்பத்தின் சொத்தில் கைவைத்ததாகும்.

அடுத்தது கல். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு நீலச் சுண்ணாம்புக் கல் ஏறத்தாழ 650 கிலோ எடை வரும். அதை வெறுங்கையால் தூக்க முடியாது. கல்லின் மேற்பரப்பில் சிறு செவ்வகத் துளைகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அவை வாய் குறுகலாகவும் அடி அகலமாகவும் குடையப்பட்டவை. மூன்று இரும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கி, நடுத்துண்டை அடித்து இறுக்கினால் அவை துளைக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும். பிறகு முக்காலியில் தொங்கும் கப்பியால் மேலே இழுப்பார்கள். துளை இல்லாத கல்லில் இரும்பு வளையம் இருக்கும். அதுவும் இல்லையென்றால் கடப்பாரையால் ஒரு பக்கத்தை நெம்பி, கீழே உருளைக்கட்டை வைத்து நகர்த்துவார்கள். கற்களின் ஓரம் பொரிந்து உடைந்திருப்பதற்குப் பெரும்பாலும் இந்த நெம்புதலே காரணம்.

கீழே இரண்டு விதம் உண்டு. ஒன்று, நாற்புறமும் செங்கல் கட்டிய குழி. மற்றது வெறும் மணற்குழி. நெதர்லாந்தில் நிலத்தடி நீர் மேலாகவே நிற்பதால் ஆழமாகத் தோண்ட முடியாது. வழக்கமாக ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அல்லது மூன்று பெட்டிகள் வைக்கலாம். முதல் பெட்டி அடியில், மேலே மணல், அதன்மேல் அடுத்தது. தலை மேற்கே, கால் கிழக்கே. உயிர்த்தெழும்போது கிழக்கு நோக்கி எழ வேண்டும் என்பது பொருள். கத்தோலிக்க முறையில் 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல் குருக்களுக்கு மட்டும் இதை மாற்றியது. அவர்களின் தலை பீடத்தின் பக்கம் இருக்கும், அதனால் முகம் மக்களை நோக்கும்.

மணலை இட்டு நிரப்பி, கல்லை உடனே பழைய மட்டத்துக்கு வைத்துவிடக் கூடாது. பெட்டி மரத்தால் ஆனது. சில ஆண்டுகளில் அதன் மூடி உள்வாங்கும், மேலுள்ள மணல் சரியும், கல் சாயும் அல்லது நடுவில் விரிசல் விடும். இதனால்தான் பழைய ஆலயத் தளங்கள் அலைபோல் ஏறி இறங்குகின்றன. ஞாயிறன்று மக்கள் நடமாட வேண்டிய தளம் வாரநாட்களில் அடிக்கடி தோண்டிக் கிடந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

மூன்று பெட்டியும் நிரம்பிவிட்டால்?

கல்லறையை 'உலுக்கினார்கள்'. ஒல்லாந்தரின் சொல்லே அதுதான். மட்கிய பலகைகளை அகற்றி, எலும்புகளைச் சேர்த்து குழியின் அடியிலோ பொது எலும்புக் குழியிலோ இட்டுவிட்டு, புதிய பெட்டிக்கு இடம் செய்வார்கள். வாடகைக் கல்லறைகளில் இது விரைவாக நடந்தது. ஆம்ஸ்டர்டாம் பழைய ஆலயத்தில் சுமார் 2,500 கற்கள் இருக்க, அடியில் சுமார் 10,000 பேர் அடக்கமானது இப்படித்தான்.

நாற்றம் இருந்ததா?

இருந்தது. சாம்பிராணியும் மூலிகையும் அதை மறைக்கவில்லை. மூடிய தளத்துக்குக் கீழே கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்பைடும் தேங்கும். கல்லைத் திறந்தவுடன் குனிகிறவருக்குத்தான் முதல் ஆபத்து. 1744-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் ஆலய நிலவறைக்குள் இறங்கியவர்கள் மயங்கி விழுந்து இறந்தார்கள். அதை ஆராய்ந்து மருத்துவர் ஹக்னோ எழுதியது ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டது. ஸ்பெயினின் பசாஹெஸ் ஊரில் 1781-இல் 83 பேரைக் கொன்ற கொள்ளைநோய்க்கும் ஆலயத்துக் கல்லறைகளின் துர்நாற்றமே காரணம் என்றார்கள்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கெட்ட காற்றே நோய் பரப்புகிறது என்ற அன்றைய கொள்கை தவறு. பிண நாற்றத்தால் கொள்ளைநோய் வருவதில்லை. ஆனால் அடைபட்ட குழியின் வாயு ஆளைக் கொல்லும் என்பது உண்மை. இன்றும் பழைய நிலவறையைத் திறப்பவர்கள் நன்றாகக் காற்றோட்டம் செய்து, வாயு அளவை அளந்து பார்க்காமல் இறங்கவே கூடாது.

ஈயப்பெட்டி நாற்றத்தைத் தடுத்ததா?

சில காலம். இங்கிலாந்தில் வசதியானவர்களின் பெட்டி மூன்று அடுக்கு கொண்டது: உள்ளே மரம், நடுவில் பற்றவைத்த ஈயத் தகடு, வெளியே துணி போர்த்திப் பித்தளை ஆணி அடித்த மரம். கசிவை உறிஞ்ச உள்ளே மரத்தூள் கொட்டுவார்கள். காற்றுப் புகாததால் உடல் மெதுவாகச் சிதையும், வாயு வெளியேற வழியின்றி ஈயம் உப்பும், கடைசியில் பற்றவைத்த இடம் பிளக்கும். உப்பிய பெட்டியில் ஆலயப் பணியாளர்கள் துளையிட்டு, வெளிவரும் வாயுவைக் கொளுத்திவிட்டதை 19-ஆம் நூற்றாண்டு லண்டன் பதிவுகள் சொல்கின்றன.

சுட்ட சுண்ணாம்பு போட்டால் உடல் கரைந்துவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. சுண்ணாம்பு ஈரத்தை இழுத்து, உடலைச் சுற்றிக் கெட்டியான ஓடுபோல் படிந்து, சிதைவைத் தாமதப்படுத்துகிறது. நாற்றத்தை ஓரளவு அடக்கும், அவ்வளவுதான்.

ஈயப்பெட்டிகளால் அறிவியலுக்கு ஒரு நன்மை விளைந்தது. லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் கிறிஸ்து ஆலய நிலவறை 1984 முதல் 1986 வரை அகழப்பட்டபோது கிட்டத்தட்ட 1,000 உடல்கள் கிடைத்தன. அவற்றில் 387 பேருக்குப் பெயர்த்தகடு இருந்தது. எலும்பைப் பார்த்து வயது கணிக்கும் முறைகளை உண்மையான வயதோடு ஒப்பிட முடிந்தது. முதியவர்களின் வயதை அந்த முறைகள் குறைத்தே கணித்துவந்தன என்பது அப்போது தெரிந்தது.

ஒல்லாந்த மொழியில் பெரும் பணக்காரரை 'நாறும் பணக்காரர்' என்பது இதனால்தானே?

சுற்றுலா வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் விளக்கம் இது. நம்ப வேண்டாம். அந்த மொழியில் 'நாறும்' என்பது மிகுதியைக் காட்டும் அடையாகவும் வருகிறது, நம் பேச்சில் 'பயங்கரப் பணக்காரன்' என்கிறோமே, அதைப்போல.

இந்த வழக்கம் எப்போது நின்றது?

பிரான்சில் 1776-இல் அரச ஆணை கட்டுப்படுத்தியது. ஸ்பெயினில் மூன்றாம் கார்லோஸ் 1787-இல் ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டம் அமைக்க ஆணையிட்டார், மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். நெப்போலியன் காலத்து 1804 ஜூன் 12 ஆணைதான் அளவுகோலோடு வந்தது: ஆலயத்துக்குள் அடக்கம் இல்லை. கல்லறைத் தோட்டம் ஊரிலிருந்து குறைந்தது 35 முதல் 40 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குழி 1.5 முதல் 2 மீட்டர் ஆழம், 80 சென்டிமீட்டர் அகலம். ஒரே குழியை 5 ஆண்டுகளுக்குள் மீண்டும் தோண்டக் கூடாது.

நெதர்லாந்தில் 1779-இலேயே ஸ்கேவனிங்கனில் ஊருக்கு வெளியே ஒரு கல்லறைத் தோட்டம் அமைத்து, அதற்கு 'பின்பற்றுவதற்காக' என்றே பெயர் வைத்தார்கள். சிலரே பின்பற்றினார்கள். பிரெஞ்சு ஆட்சி கொண்டுவந்த தடையை அவர்கள் போனதும் நீக்கிவிட்டார்கள். கடைசியில் அரசர் முதலாம் வில்லெமின் தடை 1829 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆம்ஸ்டர்டாம் மட்டும் 1865 வரை இழுத்தது. சொந்தக் கல்லறை வைத்திருந்தவர்கள் சொத்தை இழப்பதாக எண்ணியதே இந்தத் தாமதத்துக்குப் பெரிய காரணம்.

லண்டனில் ஈனன் சிற்றாலயத்தின் மரத்தளத்துக்குக் கீழே 20 ஆண்டுகளுக்குள் சுமார் 12,000 உடல்கள் திணிக்கப்பட்டதாக வெளிவந்த தகவல் மக்களை உலுக்கியது. 1852-இல் தலைநகர அடக்கச் சட்டம் வந்தது.

தமிழகத்திலும் இலங்கையிலும் எங்கே பார்க்கலாம்?

தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதைக் கட்டிய சீகன்பால்கு 1719 பிப்ரவரியில் இறந்து அதற்குள்ளேயே அடக்கமானார். மறு ஆண்டு அவருடைய உடன் ஊழியர் கிரண்ட்லரும் அங்கேயே அடக்கமானார். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1680-இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித மேரி ஆலயத்துக்குள் ஆளுநர்கள் பிகாட், தாமஸ் மன்றோ ஆகியோரின் கல்லறைகள் உள்ளன. ஆனால் அந்த ஆலயத்துக்கு வெளியே முற்றத்தில் பரப்பியிருக்கும் கற்களுக்குக் கீழே யாரும் இல்லை. அவை பழைய கல்லறைத் தோட்டத்திலிருந்து எடுத்து வந்து பதித்தவை.

இதே எச்சரிக்கை மற்ற இடங்களுக்கும் பொருந்தும். கொழும்பில் 1757-இல் திறக்கப்பட்ட வுல்பெண்டால் ஆலயத்தில், கோட்டையின் பழைய ஆலயத்திலிருந்த ஒல்லாந்தர் எச்சங்களும் கற்களும் 1813-இல் சேர்க்கப்பட்டன. காலி ஆலயத்துக் கற்களில் பலவும் பழைய அடக்க இடத்திலிருந்து வந்தவை. கொச்சி புனித பிரான்சிஸ் ஆலயத்தில் 1524-இல் அடக்கமான வாஸ்கோ ட காமாவின் எச்சங்களை 1538-இல் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அங்கே தளத்தில் இருந்த கற்கள் பிறகு சுவரில் ஏற்றப்பட்டன, வடக்கே போர்ச்சுக்கீசியர், தெற்கே ஒல்லாந்தர். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706-இல் எழுந்த சிலுவை வடிவ ஆலயம் உள்நாட்டுப் போரில் தரைமட்டமானது. தமிழ் மண்ணின் மிகப் பெரிய இழப்புகளில் ஒன்று அது. ஒரு கல் உடையும்போது ஒரு குடும்பத்தின் கடைசிப் பத்திரமும் போய்விடுகிறது.

ஒல்லாந்தர் கல்லை எப்படிப் படிப்பது?

'ஹியர் லைட் பெக்ராவென்' என்று தொடங்கினால் 'இங்கே அடக்கமாகிக் கிடப்பவர்' என்று பொருள். 'இன் லேவென்' என்றால் உயிரோடிருந்தபோது வகித்த பதவி அடுத்து வரும். 'ஒப்பர்கோப்மன்' தலைமை வணிகர், 'கோப்மன்' வணிகர், 'ஒண்டர்கோப்மன்' துணை வணிகர். இவை கடையின் பெயரல்ல, ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பதவிநிலைகள். 'ஹெய்ஸ்ஃப்ரவ் ஃபன்' என்றால் இன்னாரின் மனைவி. பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் குறிக்கப்படுவார்கள், கணவரின் குடும்பப் பெயரில் அவர்களைத் தேடி ஏமாற வேண்டாம்.

அதிகம் பேர் தவறும் இடம் தேதி. '7பெர்' என்றால் ஜூலை அல்ல, செப்டம்பர். '8பெர்' அக்டோபர், '9பெர்' நவம்பர், 'எக்ஸ்பெர்' டிசம்பர். லத்தீனில் அந்த மாதப் பெயர்களுக்கு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்பதே பொருள்.

கல்லில் குலச்சின்னக் கேடயம் மட்டும் கொத்தி அழிக்கப்பட்டு, எழுத்து முழுதாக இருந்தால் அதைக் காலத்தின் தேய்வு என்று எழுதிவிடாதீர்கள். நெதர்லாந்தில் 1795 புரட்சிக்குப் பின் சமத்துவத்தின் பெயரால் குலச்சின்னங்களைச் செதுக்கி நீக்கினார்கள். ஒரே கல்லில் வெவ்வேறு எழுத்து வடிவம் தென்பட்டால் கல் கைமாறியிருக்கும். பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டோ, கல்லைப் புரட்டிப்போட்டோ புதிய உரிமையாளர் தன் பெயரைப் பொறித்திருப்பார். ஆகவே கல்லில் உள்ள பெயரையும் ஆலயப் பதிவேட்டையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். ஹாலந்தில் 1695 முதல் அடக்கத்துக்கு வரி இருந்தது: வசதிக்கேற்ப 30, 15, 6, 3 கில்டர் (அன்றைய ஒல்லாந்த நாணயம்), ஏழைகளுக்கு இலவசம். வரிப் பதிவில் எந்தத் தொகை என்று பார்த்தால் குடும்பத்தின் நிலை தெரிந்துவிடும்.

தேய்ந்த எழுத்தைப் படமெடுக்க மாவோ சாக்பீஸோ தடவலாமா?

கூடாது. மாவு ஈரத்தையும் பூஞ்சையையும் வரவழைக்கும். சாக்பீஸ் நுண்துளைக்குள் போனால் வெளியே வராது. சவரநுரை இன்னும் கேடு. இருட்டாக்கிவிட்டு, கைவிளக்கைத் தளத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்தின் விளிம்பில் நிழல் விழும். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒரு படம், தலைப்பக்கத்திலிருந்து ஒன்று. ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள், கேமரா நேர் மேலே இருக்கட்டும். கல்லின் எண்ணையும், அருகிலுள்ள சுவரிலிருந்து எத்தனை மீட்டர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாளை யாராவது கல்லை நகர்த்தினால் அந்தக் குறிப்புதான் சாட்சி.

தளத்தைப் பாதுகாக்க ஆலயங்கள் என்ன செய்யலாம்?

மிதிபடுவதை விட மூடிவைப்பதே பல சமயம் அதிகக் கேடு. ரப்பர் அடிப்பாகமுள்ள விரிப்பைப் போட்டால் கீழிருந்து வரும் ஈரம் வெளியேற முடியாமல், உப்பு படிந்து, கல்லின் மேல்தோல் செதில் செதிலாக உரியும். மூச்சுவிடும் பருத்தி விரிப்பு போதும், அதையும் ஆராதனை முடிந்ததும் சுருட்டிவிடுங்கள். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித்துண்டு ஒட்டுங்கள்.

சாய்ந்த கல்லைச் சரிசெய்ய காங்கிரீட் ஊற்றாதீர்கள். அடியிலுள்ள ஈரம் பக்கவாட்டில் போய்ச் சுவரிலும் தூண்களிலும் ஏறும். கல்லைத் தூக்கி, மணலை 15 சென்டிமீட்டர் அடுக்காக இட்டு இடித்து, சுண்ணாம்புக் கலவையில் மீண்டும் பதிக்க வேண்டும். இணைப்பிலும் சிமெண்ட் வேண்டாம். தூணுக்கு அருகே குழி இருந்தால் கட்டடப் பொறியாளர் பார்க்காமல் தொடவே கூடாது. பல ஆலயங்களில் தூண்களின் அடித்தளம் வரை தோண்டிப் புதைத்திருக்கிறார்கள். எலும்பு தென்பட்டால் வேலையை நிறுத்தி, தொல்லியல் துறைக்குச் சொல்லிவிட்டு, எடுத்த இடத்தைக் குறித்து, அதே ஆலயத்தில் திரும்ப அடக்கம் செய்வதே முறை.

இன்றும் ஆலயத்துக்குள் அடக்கம் செய்கிறார்களா?

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 1242-ஆவது விதி, திருத்தந்தை, கர்தினால்கள், தம் சொந்த ஆலயத்தில் மறைமாவட்ட ஆயர்கள் (ஓய்வுபெற்றவர் உட்பட) ஆகியோருக்கு மட்டும் அனுமதி தருகிறது. பீடத்துக்கு அடியில் புதைக்கக் கூடாது என்று 1239-ஆவது விதி தனியாகவே சொல்கிறது. நெதர்லாந்தில் அரச குடும்பம் இன்றும் டெல்ஃப்ட் புதிய ஆலயத்து நிலவறைக்கே போகிறது. அரசி யூலியானாவும் அவர் கணவர் பெர்ன்ஹார்டும் 2004-இல் அங்கே வைக்கப்பட்டார்கள். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் 2018-இல் ஸ்டீபன் ஹாக்கிங்கின் சாம்பல், நியூட்டனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டது.

அப்படியானால் கற்களின்மேல் நடக்கலாமா?

நடக்கலாம். நடப்பதற்கான தளமாகத்தான் அவற்றைப் பதித்தார்கள். மென்மையான அடியுள்ள செருப்பு போதும். ஆணி அடித்த குதிகால் செருப்பு, சக்கரப் பெட்டி இரண்டும் வேண்டாம். புடைப்பாகச் செதுக்கிய கேடயமும் எழுத்தும் உள்ள கல்லை மட்டும் சுற்றிப் போங்கள்.